டிரான்ஸ்பரன்ட் லேபிளும் அக்காவின் மாங்காய்த் தொக்கும்

முதல் டிரான்ஸ்பரன்ட் ஸ்டிக்கர் ஷீட் பிரிண்டரிலிருந்து வெளியே வந்தபோது, "மாங்காய்த் தொக்கு" என்ற எழுத்து தாமரை இலைத் தண்ணீர் மாதிரி துளித்துளியாக உருண்டு நின்றது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் தொட்டுப் பார்த்தால் விரல் நுனி கறுப்பு. "தொ"வின் கொம்பும் காலும் கலந்து ஒரே கறையாகிவிட்டிருந்தன. அதோடு போகவில்லை. பிரிண்டர் ரோலரிலும் மை ஏறி, அடுத்துப் போட்ட மகனின் ஸ்கூல் புராஜெக்ட் தாளில் வரிசையாகப் புள்ளி விழுந்தது. பத்து வெற்றுத் தாள்களை ஓடவிட்ட பிறகுதான் அது அடங்கியது.

எல்லாம் அக்காவுக்காக ஆரம்பித்த வேலை. காவேரிப்பட்டணம் பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா மரங்கள். கிளிமூக்கு என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது இதைத்தான். மாங்கூழ் ஆலைக்கு விலை படியாத வருடங்களில் காயை என்ன செய்வது என்று யோசித்துத் தொக்கு கிண்ட ஆரம்பித்தாள். பெங்களூராவில் புளிப்பு குறைவு, அதனால் நாட்டு மாங்காயும் சேர்ப்பாள். ஒரு தடவைக்கு அறுபது எழுபது பாட்டில் வரும். சொந்தக்காரர்கள், தெரிந்த கடைகள், என் ஓசூர் கம்பெனி ஆட்கள் என்று போய்விடும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுத்துவிட்டாள். அந்த 14 இலக்க எண் வந்ததும், "இனிமே வெள்ளைப் பேப்பர்ல பேனாவால எழுதி ஒட்ட முடியாதுடா" என்று எனக்கு வேலை வைத்தாள்.

சிவகாசியில் அச்சடித்து வாங்கலாம் என்று முதலில் விசாரித்தேன். ஆயிரத்துக்குக் கீழே யாரும் பேசவில்லை. எங்களுக்கோ தொக்கு கிண்டும் ஒவ்வொரு தடவையும் தொகுதி எண்ணும் தயாரித்த தேதியும் மாறும். வீட்டில் பிரிண்டர் இருக்கிறது, தேவைக்கு அடித்துக்கொள்வோம் என்று முடிவாயிற்று. டிரான்ஸ்பரன்ட்டாக வேண்டும் என்பது அக்காவின் ஆசை. பெங்களூரில் ஒரு கடையில் பார்த்தாளாம், கண்ணாடி மேலேயே எழுதின மாதிரி இருந்ததாம். "தொக்கை மறைக்கிற லேபிள் எதுக்குடா? செவப்பைப் பார்த்துத்தானே வாங்குறாங்க?" என்றாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

கிருஷ்ணகிரி ஐந்து ரோடு ரவுண்டானா பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் "டிரான்ஸ்பரன்ட் கம்மிங் ஷீட் இருக்குங்களா" என்று கேட்டேன், பின்னால் கோந்து தடவிய ஸ்டிக்கர் தாள். ஏ4 அளவில் இருபது ஷீட் கட்டை எடுத்துக் கொடுத்தார்கள். என்ன பிரிண்டர் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதில் வந்த வினைதான் மேலே சொன்னது.

ஏன் இப்படி ஆயிற்று என்று பிறகு நிதானமாக யோசித்தால் விஷயம் எளிது. எங்கள் வீட்டில் இருப்பது இன்க்ஜெட், மையைத் தெளித்து அச்சடிக்கிற வகை. அந்த மையில் பெரும்பங்கு தண்ணீர். காகிதம் அதை உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் ஃபிலிம் உறிஞ்சாது. அதனால் இன்க்ஜெட்டுக்கான டிரான்ஸ்பரன்ட் ஷீட்டின் மேல் மையைக் குடிக்கிற மெல்லிய பூச்சு ஒன்று போட்டிருப்பார்கள். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் கண்ணாடி ஜன்னலில் வாட்டர் கலர் தீட்டுவதும் இதுவும் ஒன்றுதான். லேசர் பிரிண்டருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதில் இருப்பது டோனர் என்கிற பிளாஸ்டிக் பொடி. சூட்டில் உருக்கி மேலே ஒட்டவைக்கிறது. அதற்கு மையைக் குடிக்கிற பூச்சு வேண்டாம், சூடு தாங்குகிற ஃபிலிம் வேண்டும்.

பூச்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. விரலை லேசாக ஈரமாக்கி ஷீட்டின் ஒரு மூலையைத் தொட்டு எடுக்க வேண்டும். பூச்சு இருந்தால் விரல் கொஞ்சம் பிசுபிசுவென்று பிடிக்கும். இல்லாவிட்டால் ஈரம் வழுக்கிக்கொண்டு போகும். இதைக் கடையிலேயே செய்திருந்தால் ஒரு கட்டு மிஞ்சியிருக்கும். என் ஷீட்டில் வழுக்கியது. மேசை அறையில் கிடந்த உறையைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் கடுகு அளவு எழுத்தில் "லேசர், காப்பியர்" என்று போட்டிருக்கிறது. முன்பக்கம் பெரிதாக இருந்தது ஒரு வண்ணத்துப்பூச்சிப் படம்தான். கட்டை உள்ளே தூக்கி வைத்துவிட்டேன்.

இரண்டாவது கட்டை இணையத்தில் தேடி வாங்கினேன். இந்தத் தடவை மூன்று விஷயம் பார்த்தேன். ஒன்று, இன்க்ஜெட் என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது, ஃபிலிம் எது என்பது. பாலியெஸ்டர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், ஆனால் விறைப்பு அதிகம். சின்ன வட்டமான பாட்டிலில் சுற்றினால் ஓரம் எழுந்துகொண்டு நிற்கும். வினைலும் பாலிப்ரொப்பிலீனும் வளைந்து கொடுக்கும். மூன்றாவது, பளபளப்பா பனி படர்ந்த மாதிரியா என்பது. இரண்டையும் "டிரான்ஸ்பரன்ட்" என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். பனி படர்ந்த வகையில் கைரேகையும் கீறலும் தெரியாது, ஆனால் பாட்டில் மேல் ஒட்டினால் லேசான வெண்படலம் தெரியும். அக்கா கேட்டது "கண்ணாடி மேலேயே எழுதின மாதிரி". ஆகவே பளபளப்பு வகை வினைல். இருபது ஷீட் 480 ரூபாய்.

"வாட்டர்ப்ரூஃப்" என்ற வார்த்தையையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஃபிலிம் தண்ணீரில் ஊறாது என்பது உண்மை. மேலே அடிக்கிற மை என் பிரிண்டருடையது, அதற்கு ஷீட் விற்கிறவர் என்ன உத்தரவாதம் கொடுக்க முடியும்?

இந்த ஷீட்டில் மை உருளவில்லை. எழுத்து கச்சிதமாக விழுந்தது. ஆனால் ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்த்தால் சிவப்பும் மஞ்சளும் நிற்கின்றன, கறுப்பு மட்டும் கையோடு வருகிறது. எங்கள் பிரிண்டரில் கறுப்பு பிக்மென்ட் மை, மற்ற மூன்றும் டை மை. டை கரைசல், பூச்சுக்குள் இறங்கிவிடும். பிக்மென்ட் நுண்ணிய தூள், பளபளப்புப் பூச்சின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். பிரிண்ட் அமைப்பில் நான் "சாதாரணத் தாள்" என்று விட்டிருந்தேன். அதை "பளபளப்பு ஃபோட்டோ தாள்" என்று மாற்றியதும் பிரிண்டர் பிக்மென்ட் கறுப்பைத் தொடாமல், மூன்று வண்ணங்களையும் கலந்து கறுப்பு உண்டாக்கியது. அந்தக் கறுப்பில் ஒரு பழுப்புச் சாயல் இருக்கிறது. இருந்தாலும் கையோடு வரவில்லை. ஒரே சின்ன அமைப்பு, இரண்டு ஷீட் வீணான பிறகுதான் தெரிந்தது.

ஷீட்டை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கட்டாக வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டாகப் போகும். பின்பக்கத் தட்டு இருக்கிற பிரிண்டராக இருந்தால் அதில்தான் போட வேண்டும். முன்தட்டிலிருந்து வளைந்து போகிற பாதையில் ஸ்டிக்கர் முனை பிரிந்து உள்ளே ஒட்டிக்கொண்டால் அப்புறம் நாம் அழ வேண்டியதுதான்.

எழுத்துரு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெல்லிய எழுத்து டிரான்ஸ்பரன்ட்டில் எடுபடாது. தடிமனானது போட்டால் சின்ன அளவில் "ண", "ஞ" இவற்றின் சுழிகள் மை நிரம்பி அடைத்துக்கொள்கின்றன. சேர்மானப் பட்டியலை எட்டுப் புள்ளி எழுத்தளவில் போட்டபோது "வெந்தயம், பெருங்காயம்" எல்லாம் எறும்பு வரிசை மாதிரி இருந்தது. பத்துக்கு ஏற்றி, நடுத்தரத் தடிமன் வைத்தேன். அதுதான் இப்போதும்.

சரி, ஷீட்டை வெட்டி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மேசை மேல் வைத்தபோது எல்லாரும் "ஆகா" என்றார்கள். மஞ்சள் மாம்பழப் படம், பச்சை இலை, கறுப்பு எழுத்து, கீழே சைவக் குறி. ஒரு பாட்டிலை எடுத்து ஒட்டினேன்.

ஒன்றுமே தெரியவில்லை.

மிகைப்படுத்தவில்லை. எண்ணெய் மிதக்கிற கருஞ்சிவப்புத் தொக்குக்கு முன்னால் கறுப்பு எழுத்து கரைந்துபோயிற்று. மாம்பழப் படம் ஒரு அழுக்குத் திட்டு. பச்சைப் புள்ளி எங்கே என்று அக்கா வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "லேபிள் ஒட்டிட்டியா, இல்ல இனிமேதான் ஒட்டப் போறியா?" என்று மாமா கேட்டார்.

மேசையில் அழகாக இருந்ததற்குக் காரணம் ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த வெள்ளைத் தாள்! சாதாரண வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளை இருக்கிற இடத்தில் அது எதையும் அடிக்காது, அவ்வளவுதான். தாளின் வெள்ளையையே கடன் வாங்கிக்கொள்கிறது. மற்ற வண்ணங்களும் கண்ணாடித் தாள் மாதிரி ஒளியை ஊடுருவ விடுகிறவை. பின்னால் வெள்ளை இருந்தால்தான் மஞ்சள் மஞ்சளாகத் தெரியும். பின்னால் தொக்கு இருந்தால் தொக்குதான் தெரியும். அக்கா பெங்களூரில் பார்த்த பாட்டிலில் எழுத்துக்கு அடியில் முதலில் ஒரு வெள்ளைப் படலம் அச்சடித்திருப்பார்கள். அது பெரிய அச்சகத்து இயந்திரத்தில் நடக்கிற காரியம்.

இது அழகு பற்றிய விஷயம் மட்டும் என்றால் விட்டிருப்பேன். விதி ஒன்று இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி விலையும் நிகர எடையும் பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரிகிற நிறத்தில் இருக்க வேண்டும். சைவக் குறிக்கும் அப்படித்தான், பச்சைச் சதுரக் கோட்டுக்குள் பச்சை வட்டம், மாறுபட்ட பின்னணியில். தெரியாத லேபிளை ஒட்டி விற்றால் ஒட்டாமல் விற்றதற்குச் சமம்.

அன்று சாயங்காலம் வரை ஏதேதோ செய்து பார்த்தோம். எழுத்தை மஞ்சளாக்கினால் தெரியுமா என்று அக்கா மகன் கேட்டான். தெரியாது, வண்ணம் எதுவானாலும் கதை ஒன்றுதான். அப்புறம் வெள்ளை வினைல் ஸ்டிக்கரில் ஒரு துண்டு வெட்டி முதலில் பாட்டிலில் ஒட்டி, அதன் மேல் டிரான்ஸ்பரன்ட் லேபிளை ஒட்டினேன். இது வேலை செய்தது. எழுத்து பளிச்சென்று வந்தது, சுற்றி இலைப் படம் மட்டும் தொக்கின் மேல் மங்கலாக நின்றது, பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டையும் கோணாமல் பொருத்த ஒரு பாட்டிலுக்கு நாலைந்து நிமிடம். எழுபது பாட்டிலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்து, அக்காவே "வேணாம்டா" என்று சொல்லிவிட்டாள்.

கடைசியில் தொக்குக்கு வெள்ளை வினைலிலேயே அடித்தோம், உயரத்தை மட்டும் குறைத்துவிட்டேன். 90 மில்லிமீட்டர் அகலம், 60 உயரம். பாட்டிலின் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தொக்கு தாராளமாகத் தெரிகிறது. பாட்டில் விட்டம் 68 மில்லிமீட்டர், சுற்றளவு ஏறக்குறைய 214. லேபிள் அதில் பாதியைக்கூட மறைக்கவில்லை. ஏ4 தாளில் லேபிளைப் படுக்கையாக அடுக்கினால் எட்டுதான் வரும். நிமிர்த்தி அடுக்கினால் மூன்றுக்கு மூன்று, ஒன்பது. இந்த ஒன்றுக்காகவே ஒரு தடவை பென்சிலால் கோடு போட்டுப் பார்ப்பது நல்லது. டிரான்ஸ்பரன்ட் ஷீட் 24 ரூபாய் என்றால் லேபிள் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் ரூபாய். வெள்ளை வினைல் அதைவிடக் கொஞ்சம் மலிவாகவே கிடைத்தது.

அப்படியானால் டிரான்ஸ்பரன்ட் வீணா என்றால், இல்லை. மாமா தோட்டத்துக் கடலையைச் செக்கில் ஆட்டி அரை லிட்டர் பாட்டிலில் எண்ணெய் விற்கிறார். ஒரு மிச்ச லேபிளை விளையாட்டாக அந்தப் பாட்டிலில் ஒட்டிப் பார்த்தேன். வெளிர்மஞ்சள் எண்ணெய்க்கு முன்னால் கறுப்பு எழுத்து அப்படியே மிதந்தது. அக்கா பெங்களூரில் பார்த்தேன் என்று சொன்னது இதுதான் போலிருக்கிறது. வெளிச்சம் ஊடுருவுகிற, வெளிர்நிறச் சரக்குக்கு மட்டும்தான் இந்த ஷீட்.

ஒரு குறை இருந்தது. மூன்று வண்ணம் கலந்த அந்தக் கறுப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சாம்பல் மாதிரி தெரிந்தது. அப்போதுதான் உள்ளே தூக்கி வைத்த முதல் கட்டு ஞாபகம் வந்தது. லேசர் டோனரின் கறுப்பு ஒளியை விடாது. மறுநாள் வேலை முடிந்து வந்து, அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு முனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஷீட்டைப் பார்த்ததுமே கையை ஆட்டினார். "ஸ்டிக்கரெல்லாம் போட மாட்டேங்க. போன வருஷம் ஒருத்தர் கொண்டுவந்ததைப் போட்டேன், உள்ள உருகி ஃபியூசர்ல சுத்திக்கிச்சு. மெஷின் நாலு நாள் படுத்துருச்சு."

அவர் பயம் சரியானதுதான். ஃபியூசர் ரோலர், அதாவது டோனரை உருக்கி ஒட்டவைக்கிற உருளை, 180, 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். வினைல் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். பாலிப்ரொப்பிலீன் 160 சுமாரில் உருகும். பாலியெஸ்டர் 250-ஐத் தாண்டித்தான் உருகும், அதனால்தான் லேசர் ஷீட்டை அதில் செய்கிறார்கள். இன்க்ஜெட் ஷீட்டை லேசரில் போடுவது, லேசர் ஷீட்டை இன்க்ஜெட்டில் போட்ட என் தவறைவிடப் பல மடங்கு செலவு வைக்கும். என்னுடையது பத்து வெற்றுத் தாளோடு போயிற்று. நல்லவேளையாக உறையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கடுகு எழுத்தைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தவர், "ஒண்ணு மட்டும் போட்டுப் பாக்கறேன்" என்று பக்கவாட்டு பைபாஸ் தட்டைத் திறந்து, தாள் வகையை லேபிள் என்று மாற்றிப் போட்டார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஷீட் சூடாக வெளியே வந்தது. எழுத்து கத்தியால் வெட்டின மாதிரி கறுகறு. தண்ணீரில் தேய்த்தேன், எண்ணெய்க் கையால் தேய்த்தேன், அசையவில்லை. பாக்கியையும் போட்டுக் கொடுத்தார். பாலியெஸ்டரின் விறைப்பும் இங்கே தொல்லை தரவில்லை. எண்ணெய் பாட்டில் சதுர வடிவம், தட்டையான பக்கத்தில்தான் ஒட்டுகிறோம்.

ஒட்டுவது தனி வித்தை. வெள்ளை ஸ்டிக்கரில் குமிழி இருந்தால் கண்ணுக்குப் படாது. டிரான்ஸ்பரன்ட்டில் ஒவ்வொரு குமிழியும் வெள்ளிப் பொட்டு மாதிரி மின்னும், ஒரு தூசிகூடத் தப்பாது. எண்ணெய் நிரப்பிய பிறகு ஒட்டினால் பாட்டில் மேல் எப்படியும் ஒரு பிசுக்கு இருக்கும், அங்கே கோந்து பிடிக்காது. ஆகவே முதலில் ஒட்டிவிட்டு அடுத்த நாள் நிரப்புகிறோம். பாட்டிலை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து லேசாகத் தெளித்து, அதன் மேல் லேபிளை வைத்தால் நகர்த்திச் சரிசெய்துகொள்ள முடிகிறது. அப்புறம் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும். நான் பயன்படுத்துவது என் பழைய கம்பெனி அடையாள அட்டை, மேலே ஒரு துணி சுற்றி. கோந்து முழுதாகப் பிடிக்க ஒரு நாளாகும். அதற்குள் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும், எங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. மூலைகளை ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வளைவாக வெட்டிவிட்டால் எளிதில் எழும்பாது.

வெள்ளை வினைல் தொக்கு லேபிள்கள் இன்க்ஜெட்டில் அடித்தவை. அவற்றின் மேல் கோல்டு லேமினேஷன் ஃபிலிம், அதாவது சூடு காட்டாமல் ஒட்டுகிற தெளிவான ஃபிலிம், ஒட்டித்தான் வெட்டுகிறேன். ஒட்டாமல் விட்ட ஒன்றை ஊறுகாய்க் கையால் தொட்டதும் மாம்பழம் வழிந்தது. ஒட்டிய ஒன்றை வராந்தா ஜன்னலோரம் வெயிலில் வைத்திருந்தேன். தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் ஒரு மாதத்தில் சிவப்பு வெளிறிவிட்டது. டை மைக்கு வெயில் ஆகாது. கடைக்காரர்களிடம் உள்பக்க அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டாள் அக்கா.

லேசர் கட்டு எண்ணெய் பாட்டிலுக்கே தீர்ந்துவிட்டது. போன வாரம் அதே ஸ்டேஷனரி கடைக்குப் போய் மறுபடி வண்ணத்துப்பூச்சிக் கட்டையே கேட்டு வாங்கினேன். இந்தத் தடவை விரலை நனைத்து மூலையைத் தொட்டுப் பார்த்தபோது கடைப் பையன் ஒரு மாதிரி பார்த்தான். இன்க்ஜெட் டிரான்ஸ்பரன்ட்டில் பதினோரு ஷீட் மேசை அறையில் மிச்சம் இருக்கிறது. நெய் பாட்டிலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் அக்கா, அவளிடம் இருப்பதோ ஒரே ஒரு மாடு. அக்கா மகன் தன் கிரிக்கெட் பேட்டுக்குப் பெயர் ஸ்டிக்கர் கேட்டுக்கொண்டிருக்கிறான். வெளிர்நிற மரம், கறுப்பு எழுத்து. அதற்குச் சரியாக வரும்.